60 மில்லிலீற்றர் போத்தலுக்குள் என்ன இருக்கிறது? கொரிய மூலிகை எசன்ஸும் தீவகத்து வெயிலும்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தீவகத்துக்கு வரும் பொதிகளில் முன்பெல்லாம் பால்மா, சொக்லேற், உடுப்பு, வலி நிவாரணி என்றே இருக்கும். இப்போது அவற்றோடு கொரிய எழுத்துப் பொறித்த சிறிய போத்தல்களும் வருகின்றன. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஏறி எழுவைதீவுக்குப் போகும் படகிலும் அந்தப் பொதிகள் போகின்றன. அனுப்பும் பிள்ளைகளுக்கு, கடற்காற்றிலும் வெயிலிலும் காய்ந்த அம்மாவின் முகம் நினைவில் இருக்கிறது. அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போத்தலின் விலையும் அது தருவதாகச் சொல்லும் பலனும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில் தவறில்லை.

இந்த வகையில் உலகெங்கும் அறியப்பட்டது சுல்வாசூ என்ற பெயரில் வரும் எசன்ஸ். கொரியாவில் அதை யுன்ஜோ எசன்ஸ் என்பார்கள். தயாரிப்பது அமோர்பசிபிக் நிறுவனம். முகம் கழுவியவுடன், வேறு எதுவும் பூசுவதற்கு முன் இதைப் பூசவேண்டும் என்பது அதன் முறை. 60 மில்லிலீற்றர் போத்தல் அமெரிக்காவில் ஏறக்குறைய 90 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் 27,000 ரூபா. காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு ஒரு மில்லிலீற்றர் பூசினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நாளொன்றுக்கு 450 ரூபா. சிறு வள்ளம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று இந்தத் தொகையை எரிபொருள் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்காது.

போரில் பிறந்த கம்பனி

இந்த நிறுவனத்தின் கதையைக் கேட்டால் எங்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 1930களில் கேசொங் நகரில் யுன் தொக்-ஜியொங் என்ற பெண் கமீலியா விதையிலிருந்து எண்ணெய் பிழிந்து, தலைக்குப் பூசும் எண்ணெயாக விற்றார். அவரது மகன் சோ சொங்-ஹ்வான் 1945இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950இல் கொரியப் போர் மூண்டபோது தெற்கு முனையிலுள்ள பூசானுக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. அங்கே, அகதிகளால் நிரம்பி வழிந்த துறைமுக நகரில், ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட தலைமயிர்ப் பூச்சு ஒன்றை 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1953இல் போர்நிறுத்தம் வந்தபோது கேசொங் வடகொரியாவின் பக்கம் போய்விட்டது. தாய் எண்ணெய் பிழிந்த ஊருக்கு அதன்பின் சுதந்திரமாகப் போய்வர முடியாது.

கேசொங் ஜின்செங் கிழங்குக்குப் பெயர்போன ஊர். 1966இல் நிறுவனம் ஜின்செங் சேர்த்த கிறீம் ஒன்றை வெளியிட்டது. அந்த வரிசை 1970களிலும் 80களிலும் பெயர் மாறி மாறி வளர்ந்து, 1997இல் சுல்வாசூ ஆயிற்று. எசன்ஸும் அதே ஆண்டில் வந்ததுதான். போட்டி நிறுவனமான எல்ஜி 2003இல் ஹூ என்ற அரச குடும்பப் பாணி வரிசையைக் கொண்டுவந்தது. இரண்டுமே ஹன்பாங் என்னும் கொரியப் பாரம்பரிய மருத்துவத்தின் பெயரால் விற்கப்படுகின்றன.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கொரியப் பாரம்பரிய மருத்துவத்தின் பெரும் நூல் தொங்கி போகாம். அரச வைத்தியர் ஹோ ஜுன் தொகுத்தது. ஜப்பானியப் படையெடுப்பால் நாடு சிதைந்து கிடந்த காலத்தில், 1596இல், அரசன் சொன்ஜோ இதைத் தொகுக்கும்படி பணித்தான். அடுத்த ஆண்டே இரண்டாவது படையெடுப்பு வந்து வேலை நின்றுபோனது. நூல் முடிந்தது 1610இல், அச்சேறியது 1613இல். 25 தொகுதிகள். யுனெஸ்கோ 2009இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த நூலின் நோக்கங்களில் ஒன்று, சீனாவிலிருந்து வரும் விலை கூடிய மருந்துகளை வாங்க வழியில்லாத சனங்கள் தங்கள் ஊரில் முளைக்கும் பூண்டுகளைக் கொண்டே சுகம் பெறவேண்டும் என்பது. அதற்காகவே செடிகளின் பேச்சு வழக்குப் பெயர்களைக் கொரிய எழுத்திலேயே குறித்து வைத்தார்கள். ஏழைகளுக்காக எளிமையாக்கப்பட்ட அந்த அறிவின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பொருள், இன்று விமான நிலையத் தீர்வையற்ற கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

எங்களிடமும் செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்கள் உண்டு. அவை அச்சில் வந்தும் இருக்கின்றன. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகளில் வேறென்ன இருந்திருக்கும் என்று யாரும் முழுமையாகக் கணக்கெடுக்க முடியாது.

ஐந்து மூலிகை, மீதி என்ன?

சுல்வாசூ எசன்ஸின் மையம் ஐந்து தாவரங்களின் கூட்டு: பியோனி வேர், தாமரை, வெள்ளை லில்லிக் கிழங்கு, ரெமேனியா வேர், சொலமன் முத்திரை எனப்படும் பொலிகோனாட்டம் வேர். இவற்றில் எங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது தாமரைதான். வன்னிக் குளங்களில் பூக்கும் அதே இனம். சித்த மருத்துவத்திலும் அது புதிதல்ல.

ஆனால் போத்தலில் பெரும்பங்கு மூலிகை அல்ல. இந்த வகை எசன்ஸ் எதை எடுத்தாலும் முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், பியூட்டிலின் கிளைக்கோல் போன்ற ஈரம் பிடித்துவைக்கும் பொருட்கள். அதன்பின் மூலிகைச் சாறுகள், தடிப்பூட்டிகள், பழுதாகாமல் காக்கும் பொருட்கள், வாசனை. மூலிகைச் சாறு என்று எழுதியிருப்பதுகூடப் பெரும்பாலும் தண்ணீரிலோ கிளைக்கோலிலோ ஊறவைத்து எடுத்த வடிதான்.

பட்டியலை வாசிக்க ஒரு வழி இருக்கிறது. கொரியாவில் 2008 முதல் எல்லாச் சேர்பொருட்களையும் பெட்டியில் அச்சிட வேண்டும். அதிகமாக உள்ளது முதலில் வரும். ஆனால் ஒரு வீதத்துக்கும் குறைவாக உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அழகான பெயர்களை நிறுவனங்கள் முன்னுக்குத் தள்ளுவது இந்தச் சலுகையைப் பயன்படுத்தித்தான். பினொக்சிஎதனோல் என்ற பாதுகாப்புப் பொருளைத் தேடிப்பாருங்கள். அதற்குச் சட்டப்படி உச்ச அளவு ஒரு வீதம். அதற்குப் பின்னால் எழுதப்பட்டுள்ள மூலிகை எதுவும் ஒரு வீதத்தைத் தாண்டாது. அதற்கு முன்னால் உள்ளதும் தாண்டியிருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, பூசினால் பலன் உண்டா? உண்டு. தோல் மென்மையாகும், இழுவை குறையும், பூசிய சில நிமிடங்களில் முகம் பளபளப்பாகத் தெரியும். கிளிசரினும் கிளைக்கோலும் தோலின் மேற்படையில் ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதால் வரும் மாற்றம் அது. சுருக்கம் மறையும், வயது திரும்பும் என்ற பேச்சுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. நிறுவனங்கள் காட்டும் "இத்தனை வீதம் பெண்கள் மாற்றத்தை உணர்ந்தார்கள்" என்ற கணக்குகள் பெரும்பாலும் அவர்களே நடத்தும் சிறு சோதனைகள். ஒரே அளவு கிளிசரின் கொண்ட சாதாரணத் திரவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால் பதில் அபூர்வமாகவே கிடைக்கும். என் கணிப்பில் இது நன்றாகச் செய்யப்பட்ட, நல்ல வாசனையுள்ள, பூச இதமான ஈரப்பூச்சு. 27,000 ரூபாவில் பெரும்பகுதி போத்தலுக்கும் கதைக்கும் கடைக்கும் போகிறது.

எழுவைதீவில் தோலுக்கு எது எதிரி

எழுவைதீவு ஒன்றரைச் சதுர கிலோமீற்றர்கூட நிறையாத தீவு. எந்தப் பக்கம் நின்றாலும் கடல் தூரமில்லை. சோளகக் காற்று மாதக்கணக்கில் உப்பையும் மணலையும் அள்ளி வீசும். நிலத்தடியில் நன்னீர் மெல்லிய படையாகவே கிடக்கிறது. அள்ள அள்ளக் கிணறு உவர்க்கும். கடினத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, கழுவிய பிறகும் அதன் படிவு தோலில் தங்கி வறட்சியையும் கடியையும் கூட்டும். முகத்துக்குச் சவர்க்காரத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று இதனால்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது வெயில். முகத்தில் நாங்கள் வயது என்று நினைக்கும் கருமை, தடிப்பு, சுருக்கம் ஆகியவற்றில் பெரும்பங்கு சூரியனின் புற ஊதாக் கதிரால் வருவது. கடல் நுரை அந்தக் கதிரில் ஏறக்குறைய 25 வீதத்தைத் திருப்பி அடிக்கும். படகில் போகிறவருக்கும் கரையில் வலை தெரிகிறவருக்கும் கீழிருந்தும் வெயில் படுகிறது. எசன்ஸ் எதுவும் இதைத் தடுக்காது. அகன்ற தொப்பி, நீளக் கைச் சட்டை, எஸ்.பி.எவ். 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிறீம் ஆகியவைதான் தடுக்கும். பொதி அனுப்புகிறவர்கள் ஒரு எசன்ஸ் போத்தலின் காசுக்குப் பல சன்ஸ்கிறீம்கள் வாங்கலாம்.

ஈரப்பதத்துக்கு ஊரிலேயே வழி உண்டு. பார்மசியில் விற்கும் கிளிசரினை அப்படியே பூசாமல் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு கொதித்தாறிய தண்ணீர் கலந்து, குளித்து ஈரம் உலருமுன் பூசலாம். கலந்ததை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் பாதுகாப்புப் பொருள் இல்லை. கை கால் வெடிப்புக்கு வெள்ளை வசலின் போதும். சுத்தமான தேங்காயெண்ணெய் வறண்ட, கரப்பான் உள்ள தோலுக்கு உதவுகிறது என்று பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

காயத் தழும்புகளைப் பற்றி

எங்கள் வாசகர்கள் பலருக்கு இதுதான் உண்மையான கேள்வியாக இருக்கும். எறிகணைச் சிதறல் பட்ட இடம், தீக்காயம், சத்திரசிகிச்சை வடு ஆகியவற்றில் இந்த எசன்ஸைப் பூசலாமா? பூசுவதால் தழும்பு குறையாது. வாசனை சேர்ந்த திரவம் என்பதால் மெல்லிய புதுத் தோலில் எரிச்சல் தரவும் கூடும். தடித்து எழும்பிய தழும்புக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது சிலிக்கன் ஜெல் அல்லது சிலிக்கன் தகடு. மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் போட்டிருக்க வேண்டும். கருமையான தோலில் தழும்பு எல்லை மீறி வளரும் இயல்பு கூடுதல், அதற்கு ஊசி மருந்தும் உண்டு. பழைய தழும்பில் புதிதாக வலி, புண், கசிவு கண்டால், உள்ளே துகள் இருக்கக்கூடும் என்பதால், பூச்சை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வெளிநாட்டு உறவினர் உண்மையில் உதவ விரும்பினால் சிலிக்கன் தகடு அனுப்புவது பயன் தரும். அது மடித்துக் கடித உறையிலும் வரும்.

போலியும் பாதரசமும்

சுல்வாசூவை விட எனக்குக் கவலை தருவது அதன் நிழலில் விற்கப்படும் பொருட்கள். கொரிய எழுத்து இருப்பது கொரியாவில் செய்ததற்குச் சான்று அல்ல. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் மூன்றிலொரு விலைக்கு வருவதை நம்பமுடியாது. ஒரு வாரத்தில் நிறம் வெளுக்கும் என்று சொல்லும் கிறீம்களில் பாதரசமோ கடும் ஸ்டீரொயிட்டோ இருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் போகும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய அழகுசாதனங்களைத் தடைசெய்கிறது. இலங்கையும் அதில் இணைந்திருக்கிறது. ஆனால் தடை இருக்கும் இடமெல்லாம் சோதனை நடக்கிறது என்று பொருளில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம் அழகுசாதனங்களையும் மருந்துகளையும் சேர்த்தே பார்த்தது. அதை நீக்கி 2015இல் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கவனம் மருந்துகளிலும் மருத்துவ சாதனங்களிலும்தான்.

கையிலுள்ள கிறீமில் சேர்பொருள் பட்டியலே இல்லையென்றால் எறிந்துவிடுங்கள். மேர்க்கூரிக், மேர்க்கூரஸ், கலோமெல் என்ற சொற்கள் இருந்தாலும் அப்படியே. "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளம். விற்றவர் மீது முறையிட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

போத்தல் ஏற்கெனவே வந்துவிட்டதா?

அப்படியென்றால் பயன்படுத்துங்கள், வீணாக்க வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் காசளவு இடத்தில் காலை மாலை பூசி ஒரு வாரம் பாருங்கள். கடி, சிவப்பு, கொப்புளம் வந்தால் முகத்தில் வைக்கவேண்டாம். எழுவைதீவில் இரவில் முகம் வீங்கினால் படகு தேடவேண்டும் என்பதை அனுப்புகிறவர் யோசித்திருக்க மாட்டார். பெட்டியில் திறந்த மூடி போன்ற படத்துக்குள் 12எம் என்று இருந்தால் திறந்தபின் 12 மாதம் என்று அர்த்தம். தகரக் கூரையின் கீழ் அலுமாரி மேல்தட்டில் வைத்தால் அவ்வளவு நாள் நிற்காது. தரையோடு ஒட்டிய இருட்டு மூலையில் வையுங்கள். கழுவிய முகத்தில், ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டு போதும். அதன்மேல் ஏதாவது சாதாரணக் கிறீமைப் பூசினால் சோளகக் காற்றில் அந்த ஈரம் பறந்துபோகாமல் நிற்கும்.