பழைய சாகாவுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா? முதலில் துருவைக் கேளுங்கள்

தாத்தா ஓட்டிய புரோட்டோன் சாகா. அம்மா வேலைக்குப் போய் வந்த பெரோடுவா கஞ்சில். பல வீடுகளில் இன்னும் வாசலில் நிற்கின்றன. எஞ்சின் ஓடும், ஆனால் உடம்பு முழுக்க துரு, வெளுத்த பெயிண்ட். "நாமே செய்துடலாம்" என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கலாம்.

செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. எந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க இந்த விளக்கம் உதவும்.

சுருக்கமாக:

• பெயிண்ட் கடைசி வேலை. துருவை எடுப்பதுதான் முதல் வேலை.
• கதவு, மட்கார்டு, போனட் போன்ற வெளித் தகடுகளில் உள்ள சின்னத் துருவை வீட்டில் சரிசெய்யலாம்.
• காரின் எடையையும் மோதலின் வேகத்தையும் தாங்கும் பகுதியில் துரு இருந்தால் புட்டி வைத்து மூடக்கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எவ்வளவு பழைய கார்கள் இவை?

மலேசியாவின் முதல் தேசிய காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டது. முதல் தலைமுறைச் சாகாவின் வடிவம் சிறு சிறு மாற்றங்களோடு 2008 வரை தயாரிப்பில் இருந்தது. கஞ்சில் 1994-இல் வந்து 2009-இல் நின்றது. ஆக, மிகப் பழைய சாகாவுக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. கடைசியாக வந்த கஞ்சிலுக்குக்கூட 15 வயதுக்கு மேல்.

நம் ஊர் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டு முழுவதும் மழை, காற்றில் எப்போதும் ஈரப்பதம். கடலோரம் என்றால் உப்பும் உண்டு.

துரு எப்படி வேலை செய்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும்.

துரு, அது உருவான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்டுக்கு அடியில் துரு வளரும்போது மேலே கொப்புளம் கிளம்புகிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால், அடியில் அதைவிடப் பெரிய பரப்பு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சில நேரம் துரு உள்பக்கத்திலிருந்து தகட்டைத் தின்றுகொண்டே வரும். நீங்கள் வெளியே பார்ப்பது அதன் கடைசிக் கட்டம்.

அந்தக் கொப்புளத்தைத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? சில மாதம் அழகாக இருக்கும். அப்புறம் அதே இடத்தில் மறுபடியும் கிளம்பும். இந்த முறை பெரிதாக.

எங்கே பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச் லைட், துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். இது போதும்.

• கதவின் அடிப்பகுதி: மழைநீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும்.
• சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு: சேறு ஒட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.
• பூட்டில் ஸ்பேர் டயர் வைக்கும் பள்ளம்: ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் அங்கே குளம்தான்.
• முன், பின் கண்ணாடிகளின் ஓரம்.
• பேட்டரி வைக்கும் தட்டு: ஆசிட் கசிந்தால் தகட்டை அரிக்கும்.
• கால் மிதியடிக்கு அடியில்: கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கவனம்.

காந்தம் எதற்கு? இரும்புத் தகட்டில் காந்தம் நன்றாக ஒட்டும். அதே கதவில் ஓர் இடத்தில் மட்டும் பிடிப்பு குறைந்தால், அங்கே பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் புட்டி இருக்கிறது என்று அர்த்தம். பட்டறைகளில் 'டெம்புல்' என்பார்களே, அதுதான்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால், அது தகடே இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீங்க. ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக் வைக்கும் இடமே துருப்பிடித்திருந்தால், கார் நழுவி விழலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

லாரிகளுக்குக் கீழே தனியாக ஒரு கனமான சட்டம் இருக்கும். உடல் அதன்மேல் உட்காரும். சாகா, கஞ்சில் போன்ற கார்களுக்கு அப்படி இல்லை. தரை, தூண்கள், கூரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். காரின் உடலேதான் அதன் எலும்புக்கூடு.

எனவே எல்லாத் தகடும் ஒன்றல்ல. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அசிங்கம். தரையில் ஓட்டை விழுந்தால் ஆபத்து.

கீழ்க்கண்ட இடங்களில் ஓட்டையோ, அழுத்தினால் உள்ளே போகும் துருவோ இருந்தால், வீட்டு வேலையை அங்கேயே நிறுத்துங்கள்:

• கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிப் பகுதி. 'சில்' என்பார்கள்.
• பயணிகள் கால் வைக்கும் தரை.
• முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருத்தப்பட்டிருக்கும் இடம். போனட்டைத் திறந்தால் இருபக்கமும் தெரியும்.
• சீட் பெல்ட்டும் இருக்கையும் போல்ட் செய்யப்பட்டிருக்கும் இடங்கள்.
• கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்கள்.

இங்கெல்லாம் கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். புட்டியால் எந்த எடையையும் தாங்க முடியாது. மோதல் நடந்தால் நொறுங்கிவிடும். சீட் பெல்ட் பிடிப்பு துருவில் இருந்தால், பெல்ட் போட்டும் பயனில்லை.

'கெத்தோக்' பட்டறைக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "தகட்டை வெட்டி வெல்டிங் செய்வீங்களா, புட்டி போட்டு மூடுவீங்களா?" "மூடுறதுக்கு முன்னாடி படம் எடுத்துக் காட்டுவீங்களா?" நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டில் செய்யக்கூடிய வேலை: படிப்படியாக

உங்கள் துரு வெளித் தகட்டில்தான் இருக்கிறது, ஓட்டையும் இல்லை என்று உறுதியானால், ஆரம்பிக்கலாம். முழு காரையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று போங்கள்.

1. கழுவுதல்
சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தால் துடையுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய மெழுகும் சிலிக்கோனும் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது குழி குழியாக விலகும்.

2. துருவை எடுத்தல்
80 எண் சாண்ட்பேப்பரால், பளபளக்கும் நல்ல தகடு வரும் வரை தேய்த்து, துருவின் எல்லையைத் தாண்டியும் கொஞ்சம் போங்கள். நுண்ணிய குழிகளில் மீந்திருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பயன்படுத்தலாம். உதிரும் துருவின்மேல் அதைப் பூசினால் பலன் இல்லை. முதலில் தேய்ப்பு, அப்புறம்தான் மருந்து.

தேய்த்த தகட்டை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் மறுநாளே மெல்லிய துரு படியலாம். அன்றைக்கே மூட முடிகிற அளவு இடத்தை மட்டும் தேய்த்து, அடுத்த பூச்சைப் போட்டுவிடுங்கள்.

3. புட்டி
பள்ளத்தை நிரப்பவே புட்டி, ஓட்டையை மூட அல்ல. 3 மி.மீ. தடிமனுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் தேவைப்பட்டால், தகட்டை முதலில் தட்டிச் சமன்படுத்த வேண்டும்.

ஹார்டனர் அளவு பொதுவாகப் புட்டியின் எடையில் சுமார் 2 விழுக்காடு. கோல்ஃப் பந்து அளவு புட்டிக்கு ஒரு பட்டாணி அளவு. அதிகமாகப் போட்டால் சீக்கிரம் இறுகும், பெயிண்டின்மேல் கறையும் எழும்பலாம். நம் வெயிலில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

இறுகிய பிறகு 80, 180, 320 என்ற வரிசையில் தேய்க்க வேண்டும். விரலால் சாண்ட்பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். தட்டையான ஒரு கட்டையில் சுற்றித் தேயுங்கள். சரியாக வந்திருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண் தவறவிடுவதைக் கை கண்டுபிடிக்கும்.

4. பிரைமர்
சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்தினால், அடியில் துரு மறுபடியும் ஆரம்பிக்கும். வெறும் தகட்டுக்கு எபோக்சி பிரைமர் பாதுகாப்பானது. காய்ந்த பிறகு 600 எண் சாண்ட்பேப்பரில் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்க்கவும்.

5. நிறம்
பெயிண்டின் குறியீட்டு எண் பெரும்பாலும் எஞ்சின் பகுதியில் உள்ள தகட்டில் இருக்கும். அதைக் கொடுத்தால் கடையில் கலந்து தருவார்கள். ஆனால் உங்கள் கார் பல ஆண்டு வெயிலில் வெளுத்திருக்கும். புது நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியலாம். ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடியுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே சுமார் 10 நிமிடம் விடுங்கள். ஒரே தடவையில் மூட நினைத்தால் பெயிண்ட் வழியும்.

நேரமும் முக்கியம். மழைக்கு முன்னும் பின்னும் வேண்டாம். ஈரமான காற்றில் தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டில் படிந்து வெள்ளைப் புகைபோலத் தெரியும். உச்சி வெயிலும் கூடாது. சூடான தகட்டில் பெயிண்ட் விழும்போதே காய்ந்து சொரசொரப்பாகும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் அடிப்பது நல்லது.

மூச்சும் தீயும்: இதைத் தவிர்க்காமல் படியுங்கள்

பட்டறைகளில் பயன்படும் இரண்டு பாகப் பெயிண்டை '2கே' என்பார்கள். பளபளப்பும் உறுதியும் அதிகம். ஆனால் அதன் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே போதும், மூச்சுத் திணறல் வந்துவிடும். துணி மாஸ்க்கோ மருத்துவ மாஸ்க்கோ இதைத் தடுக்காது. அதற்கென்று தனிக் காற்று வசதியும் ஸ்ப்ரே அறையும் வேண்டும். எனவே 2கே வேலையைப் பட்டறையிடம் விடுங்கள். டப்பாவில் வரும் 2கே ஸ்ப்ரேக்கும் இதே எச்சரிக்கைதான்.

சாதாரண ஸ்ப்ரேக்கும் ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை தேவை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, தூசு மாஸ்க் அணியுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். தெரஸ் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் அடிக்கும்போது சாமி விளக்கு, கொசுவர்த்தி, சமையல் அடுப்பு எதுவும் எரியக்கூடாது. யாரும் பக்கத்தில் சிகரெட் பிடிக்கவும் கூடாது. மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. பெயிண்ட் துளி அவர் காரிலும் போய் ஒட்டும்.

வேறு நிறம் அடிக்கலாமா?

அதே நிறத்தில் அடித்தால் பதிவில் மாற்றம் இல்லை. வேறு நிறத்துக்கு மாற்றினால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-வில் உள்ள வாகனப் பதிவும் மாற வேண்டும். பதிவில் ஒரு நிறம், சாலையில் வேறு நிறம் என்றால் சிக்கல்தான். அதனால் பெயிண்ட் வாங்கும் முன்பே ஜேபிஜே-விடம் நடைமுறையைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவியுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

இதே அறிவு அங்கேயும் உதவும். "புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு" என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல. எதை மூட அடித்தார்கள் என்று பாருங்கள். காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். கம்பளத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காருக்கு அடியில் மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வெளுத்த பெயிண்டும் கெட்டியான தரையும் உள்ள கார், பளபளக்கும் பெயிண்டும் இற்றுப்போன தரையும் உள்ள காரைவிட எவ்வளவோ மேல்.

வேலை முடிந்த பிறகு?

கதவின் அடித்துளைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். கிழிந்த ரப்பர் பீடிங்கை மாற்றுங்கள். சக்கர வளைவுக்குள் உள்ள சேற்றைக் கழுவுங்கள். புதுப் பெயிண்ட் நன்றாக இறுகச் சில வாரம் ஆகும் என்பதால் அதற்குள் மெழுகு போட வேண்டாம்.

இந்த வார இறுதியில் தொடங்குவதாக இருந்தால், பெயிண்ட் கடைக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க. முதலில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க. மீதி வேலையின் பட்டியல் அங்கேயே தெரிந்துவிடும்.