லௌசிட்ஸ் நிலக்கரிப் பகுதியில் சுரங்கத்துக்குப் பிந்தைய நிலத் திட்டமிடல்

லௌசிட்ஸ் என்பது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், பிராண்டன்பர்க், சாக்சனி மாநிலங்களில் பரவியுள்ள ஒரு நிலப்பகுதி. நெய்வேலியில் கிடைப்பதைப் போன்ற பழுப்பு நிலக்கரி இங்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்படுகிறது. கரி தீர்ந்த பின் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இப்பகுதி இரு வேறு காலங்களில் இரு வேறு விதமாக விடை தேடியது. ஒன்று சுரங்கம் இயங்கும்போதே போட்ட திட்டம். மற்றொன்று சுரங்கங்கள் திடீரென மூடப்பட்ட பிறகு போட்ட திட்டம்.

சுரங்கம் நிலத்தை மாற்றும் விதம்

கரிப் படுகையை அடைய அதன் மேலுள்ள மணலும் களிமண்ணும் அகற்றப்பட்டு, கரி எடுத்து முடிந்த பக்கத்தில் கொட்டப்படுகின்றன. எடுத்த கரியின் அளவுக்கு மண் குறைவதால், இறுதியில் ஒரு பெரும் பள்ளம் மிஞ்சுகிறது. குழிக்குள் நீர் ஊறாதிருக்க நிலத்தடி நீர் இடைவிடாது இறைக்கப்படுகிறது. எந்த மண்ணை எங்கே கொட்டுவது, கரையை எவ்வளவு சரிவாக விடுவது, பள்ளம் எங்கே முடிய வேண்டும் என்பவற்றைச் சுரங்க இயந்திரங்களே நாள்தோறும் தீர்மானிக்கின்றன. ஆகவே பிற்கால நிலப் பயன்பாட்டின் பெரும்பகுதி, சுரங்கம் ஓடும் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சென்ஃப்டன்பெர்க் ஏரி

கிழக்கு ஜெர்மனி அரசு 1951-லேயே சுரங்க நிலத்தை மீண்டும் பயன்படுத்துவது குறித்து ஆணை பிறப்பித்தது. கந்தகம் கலந்த மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்து, அதன் மேல் காடு வளர்க்கும் முறைகள் உருவாயின. நிலவடிவமைப்பாளர் ஓட்டோ ரிண்ட், மிஞ்சும் பள்ளங்களை ஏரிகளாக மாற்றும் எண்ணத்தை முன்வைத்தார். நீம்ச் சுரங்கம் 1966-ல் மூடப்பட்டதும், 1967 முதல் அதில் ஆற்றுநீர் நிரப்பப்பட்டது. 1973-ல் சென்ஃப்டன்பெர்க் ஏரி மக்களுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 1,300 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி இன்றும் நீச்சலுக்கும் படகு விளையாட்டுக்கும் பெயர் பெற்றது.

ஆனால் இந்த வேகம் எல்லா இடத்திலும் நீடிக்கவில்லை. 1980-களில் கிழக்கு ஜெர்மனி ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டன் பழுப்பு நிலக்கரி எடுத்தது. உற்பத்தி முந்தியது; நிலச் சீரமைப்பு பின்தங்கியது.

1990-க்குப் பின்

ஜெர்மனி ஒன்றிணைந்ததும் கரியின் தேவை சரிந்தது. பல சுரங்கங்கள் திட்டமிட்ட முடிவை எட்டாமல் பாதியில் நின்றன. 502 மீட்டர் நீளமுள்ள எஃப்60 என்னும் மண் கடத்தும் பாலம் 1991-ல் இயங்கத் தொடங்கி 1992-லேயே நிறுத்தப்பட்டது. இன்று அது லிக்டர்ஃபெல்டில் ஒரு காட்சியகம்.

கைவிடப்பட்ட குழிகளைச் சீரமைக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான எல்எம்பிவி ஏற்றது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொண்டன. மத்திய ஜெர்மனியின் பழைய சுரங்கங்களையும் சேர்த்து இதுவரை 1,000 கோடி யூரோவுக்கும் மேல் செலவாகியுள்ளது.

மூன்று சிக்கல்கள் பெரிதாக எழுந்தன. முதலாவது நீர்ப் பற்றாக்குறை: சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்திருந்தது. இரண்டாவது நீரின் தன்மை: மண்ணிலுள்ள இரும்பு கந்தகச் சேர்மம் காற்றுப்பட்டு அமிலமாவதால், நிரம்பிய ஏரிகளில் படகுகள் மூலம் சுண்ணாம்பு தூவ வேண்டியிருக்கிறது, ஸ்ப்ரே ஆற்றின் சில பகுதிகள் இரும்புத் துருவால் பழுப்பேறின. மூன்றாவது நிலத்தின் உறுதியின்மை: தளர்வாகக் கொட்டப்பட்ட மணலில் நீர் ஏறும்போது அது குழம்புபோல் ஓடக்கூடும். இதனால் வெடிவைத்தும் அதிர்வூட்டியும் மணல் இறுக்கப்படுகிறது. நிரம்பிவரும் சுரங்க ஏரியின் கரை எவ்வளவு ஆபத்தானது என்பதை லௌசிட்ஸுக்கு வெளியே நடந்த ஒரு விபத்து காட்டியது. 2009 ஜூலையில், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் நாக்டர்ஷ்டெட் ஊரில் ஏரிக்கரை சரிந்து, வீடுகளோடு மூவர் மாண்டனர்.

திரும்பாதவை

2000 முதல் 2010 வரை நடந்த பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி, சுரங்க நிலத்தை ஏரி மாவட்டமாக நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் திட்டங்களால் மீட்க முடியாதவையும் உண்டு. லௌசிட்ஸில் 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சுரங்கத்துக்குப் பலியாயின. அவற்றில் பல, சிலாவிய மொழி பேசும் சிறுபான்மையினரான சோர்பியரின் ஊர்கள். ஊர் கலைந்தபோது அம்மொழி அன்றாடம் பேசப்பட்ட இடமும் கலைந்தது.

இன்றைய கேள்வி

ஜெர்மனி 2020-ல் இயற்றிய சட்டப்படி, நிலக்கரி மின்சாரம் 2038-க்குள் முடிவுக்கு வர வேண்டும். அப்போது சுரங்கங்கள் நீர் இறைப்பதும் நிற்கும். இறைக்கப்படும் நீர் பல பத்தாண்டுகளாக ஸ்ப்ரே ஆற்றில் விடப்படுகிறது. பெர்லினின் குடிநீரும் அந்த ஆற்றைச் சார்ந்துள்ளது. அதே வேளையில், 2019 முதல் நிரப்பப்பட்ட கோட்புஸ் கிழக்கு ஏரி போன்ற பள்ளங்களுக்கும் அதே ஆற்றின் நீர்தான் வேண்டியிருந்தது. வறண்ட காலங்களில் ஏரியை நிரப்புவது நிறுத்தி வைக்கப்பட்டது.

சென்ஃப்டன்பெர்க்கில் நிலத்தின் எதிர்காலம் முன்கூட்டியே சிந்திக்கப்பட்டதால், சுரங்கம் மூடி ஏழே ஆண்டுகளில் ஏரி பயன்பாட்டுக்கு வந்தது. 1990-ல் நின்ற சுரங்கங்களில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பணி முடியவில்லை. சுரங்கத்துக்குப் பிந்தைய நிலத் திட்டம் முதல் மண்ணை அள்ளும் நாளிலேயே தொடங்க வேண்டியது என்பதற்கு லௌசிட்ஸின் வரலாறு சான்றாக நிற்கிறது.