புது டயர் முன்னாலயா, பின்னாலயா? 1946-இல் தொடங்கும் ஒரு ரப்பர் வரலாறு

1946-இல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. பிரான்ஸில் கிளெர்மோன் ஃபெராங் நகரத்து மிஷ்லின் கம்பெனி, ஜூன் 4-ஆம் தேதி ரேடியல் டயருக்கான காப்புரிமையைப் பதிவு செய்தது. இங்கே சென்னை திருவொற்றியூரில் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அப்போ புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. அந்தப் பலூன் கம்பெனிதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. எங்க அபிஷேகப்பாக்கத்துக்கு மேற்கே, நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் அவங்களுக்கு இன்னிக்கு ஒரு பெரிய டயர் ஆலை இருக்கு.

இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் படிக்கும்போது, டயர் கடைகளில் தினமும் எழும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்குது. நாலு டயரில் இரண்டைத்தான் மாற்றப் பணம் இருக்கு. புதுசை முன்னால போடறதா, பின்னால போடறதா? பெரும்பாலானவர்கள் முன்னால என்பார்கள். "ஸ்டீயரிங் திருப்பறது முன் சக்கரத்தை, பிரேக் அதிகமா பிடிக்கிறதும் முன் சக்கரம்" என்பது வாதம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா சரியான பதில், பின்னால. ஏன் என்பதற்கு நூறு வருட வரலாறு இருக்கு.

நழுவாமல் யாரும் திரும்புவதில்லை

பென்சில் அழிப்பான் ஒன்றை மேசை மேல அழுத்திப் பிடிச்சு லேசா முறுக்கிப் பாருங்க. அடிப்பாகம் மேசையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், மேல்பாகம் மட்டும் திரும்பும். வளைவில் டயருக்கு நடப்பதும் இதுதான். சக்கரம் பார்க்கும் திசைக்கும், அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் விழுகிறது. இதை ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். நாம் நழுவு கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கோணம் இல்லாவிட்டால் டயரால் காரைப் பக்கவாட்டில் தள்ளவே முடியாது. 1925-இல் ஜார்ஜ் புரூயே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதை முதலில் தெளிவாக எழுதினார்.

1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி அடுத்த படிக்குப் போனார். முன் டயரின் நழுவு கோணத்தையும் பின் டயரின் நழுவு கோணத்தையும் ஒப்பிட்டார். முன்னால் அதிகம் நழுவினால் கார் நாம் திருப்பியதைவிடக் குறைவாகத் திரும்பும்: அண்டர்ஸ்டீயர். பின்னால் அதிகம் நழுவினால் வால் வெளியே வீசும், கார் தேவைக்கு மேல் திரும்பும்: ஓவர்ஸ்டீயர். ஒரு கார் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில் டயரின் தனிப்பட்ட தரத்துக்கு இருக்கிற அளவு பங்கு, முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் இருக்கு.

மென்பொருள் ஆட்களுக்கு இது நல்லாப் புரியும். இரண்டு லைப்ரரியும் தனித்தனியா அருமையா இருக்கும். வெர்ஷன் ஒத்துப்போகலைன்னா சிஸ்டம் படுத்துடும்.

ரேடியல் வந்தபோது வந்த வம்பு

மிஷ்லினில் ரேடியலை உருவாக்கியவர் மாரியுஸ் மினியோல். முறையாகப் பொறியியல் படித்தவர் இல்லை, அச்சுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். அதுவரை இருந்த டயர்களில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக, சாய்வாக ஓடும். நம்ம லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வது இந்த வகையைத்தான். மினியோல் செய்த டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடின. தரையைத் தொடும் பட்டைக்கு அடியில் மட்டும் எஃகுக் கம்பிப் பட்டை. பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், தரைப்பட்டை தட்டையாகவே இருக்கும். 1949-இல் மிஷ்லின் எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பிடிப்பும் ஆயுளும் அதிகம். ஆனா கூடவே ஒரு புது ஆபத்தும் வந்தது. அதே விசைக்கு ரேடியல் டயர் குறைந்த கோணமே நழுவும், பழைய டயர் அதிகம் நழுவும். விலை அதிகம் என்பதால் இரண்டு ரேடியல் மட்டும் வாங்கி முன்னால் போட்டால் என்ன ஆகும்? மூக்கு சொன்னபடி திரும்பும், வால் தாக்குப்பிடிக்காது. நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. வேகமான வளைவில்தான் தெரியும், அப்போ நேரம் இருக்காது. இதனால்தான் பிரிட்டனில் முன்னால் ரேடியலும் பின்னால் பழைய வகையும் போடுவதைச் சட்டமே தடுத்தது. தலைகீழாக, ரேடியலைப் பின்னால் போட அனுமதி உண்டு. புது டயர் பின்னால் என்ற விதியும் இதே கணக்கில் நிற்பதுதான்.

ஏன் வால் வீசுவது மோசம்? அண்டர்ஸ்டீயரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வேகம் குறையும், எடை முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடிப்பு திரும்பும். பயந்தவன் இயல்பாகச் செய்வதும் அதுதான். ஓவர்ஸ்டீயரில் அதே காரியம் நிலைமையைக் கெடுக்கும். எடை முன்னால் சாய்ந்தால் பின் டயர் இன்னும் லேசாகும், கார் சுழலும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இது பல மடங்கு நுட்பமாகிறது. போர்ஷே 911-க்கு என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. 1960-களின் ஆரம்ப மாடல்களில் முன் பம்பரின் இரு ஓரத்திலும் வார்ப்பிரும்பு எடை வைத்து நிதானப்படுத்தினார்கள். பிறகு பின்னால் அகலமான டயர், முன்னால் ஒல்லியான டயர் என்று போனார்கள். இப்போ அந்தக் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களில் பக்கச் சுவரில் 'என்' எழுத்து இருக்கும். பிராண்டைக் கலக்காதே என்று அவர்கள் சொல்வது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை. அளவு ஒன்றாக இருந்தாலும், வேறு கம்பெனி டயரின் நழுவும் தன்மை வேறு.

புதுசு என்றால் பிடிப்பா?

எப்பவும் இல்லை. புது டயரில் வார்ப்பிலிருந்து வந்த வழவழப்பு மேல்தோலில் ஒட்டியிருக்கும். அதனால்தான் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகச் சொல்கிறார்கள். இன்னொரு காரணம் ஆழம். புது கார் டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. உயரமான ரப்பர்க் கட்டைகள் வளைவில் ஆடும், சூடேறும். அதனால் காய்ந்த தரையில் பாதி தேய்ந்த டயர், புது டயரைவிட விறைப்பாகப் பதில் சொல்லும். சாலை டயரோடு பந்தயம் ஓட்டுகிறவர்கள் புது டயரை மெஷினில் வைத்துச் சீவி, வேண்டுமென்றே மெலிதாக்கி ஓட்டியதற்குக் காரணம் இதுதான்.

மழை வந்தால் கணக்கு மாறும். நாசாவில் வால்டர் ஹார்ன், விமானச் சக்கரங்கள் தண்ணீர் மேல் மிதப்பதை ஆராய்ந்து 1963-இல் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் வரும். 32 பிஎஸ்ஐ காற்று இருக்கும் டயருக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு சுமார் 94 கி.மீ. காற்று 25-க்கு இறங்கினால் 83 கி.மீ. இது வழுக்கையான டயருக்கும், பள்ளத்தைவிட ஆழமாகத் தண்ணீர் நிற்கும் சாலைக்கும். ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த வேகம் சாதாரணம். அப்போ முதலில் மிதக்க வேண்டியது எந்த அச்சு என்பதுதான் கேள்வி. முன்னால் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகிக் கைக்குத் தெரியும். பின்னால் மிதந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லை.

சோழவரத்திலிருந்து இண்டியானாபொலிஸ் வரை

நம்ம பக்கம் இந்தப் பாடத்தைப் படித்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. மம்மன் மாப்பிள்ளையும் இதற்குள் பலூனிலிருந்து 1952-இல் ரீட்ரெடிங் ரப்பருக்கும், 1961-இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கூட்டுறவோடு முழு டயருக்கும் வந்திருந்தார். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதியின் 796 சிசி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைச் செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் கட்டிய வகை காரில் தொடங்கியவர்தான் அதே கோவையின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர்.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அந்த வருடம் தடத்தின் மேற்பரப்பை வைரப் பற்களால் கீறிச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். சாய்வான 13-ஆவது வளைவில் வெள்ளிக்கிழமையே ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷ்லின் பின் டயர் வெடித்தது. அந்த சீசனில் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது என்ற விதி வேறு. 73 சுற்றுப் பந்தயத்தில், அந்த வளைவில் வேகம் குறைக்காமல் 10 சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்று மிஷ்லினே சொல்லிவிட்டது. ரேடியலைக் கண்டுபிடித்த அதே கம்பெனி! மிஷ்லின் போட்ட 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அவர்களின் ஃபயர்ஸ்டோன் டயர் அதே தரையில் இண்டி 500 ஓடிய அனுபவம் அவர்கள் கையில் இருந்தது. ஜோர்டான் காரில் நரேன் 4-ஆவது, 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

ஆறு பேரில் நாலாவது என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். மிஷ்லின் மோசமான டயர் செய்யவில்லை, மற்ற தடங்களில் அந்த சீசனின் வெற்றிகள் அத்தனையும் அவர்களுடையது. அந்தத் தரைக்கும் அந்த வளைவுக்கும் அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நம்ம காருக்கு

அம்பாசடர் காலத்தில் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளியது. 1983-இல் மாருதி 800 வந்த பிறகு இழுவை முன்னால் போனது, முன் டயர் சீக்கிரம் தேய்ந்தது. தேய்ந்த இடத்திலேயே புதுசைப் போடும் பழக்கம் இங்கிருந்துதான் வலுத்தது என்று நினைக்கிறேன். செய்ய வேண்டியது சுலபம்: பின்னால் பாதி தேய்ந்திருக்கும் இரண்டை முன்னால் கொண்டு வந்து, புதுசைப் பின்னால் போடுங்க. ஒரே அச்சில் இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே தேய்மானம். பள்ளத்தில் 5 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சக்கரம் மற்றதைவிடச் சுமார் 16 மீட்டர் அதிகம் உருள வேண்டியிருக்கும். நாலு சக்கர இழுவை வண்டியில் இது கியர்களைத் தின்னும். 1.6 மி.மீ. பள்ளம் நம்ம மோட்டார் வாகன விதியின் கடைசி எல்லை. மழைக்கு அதுவரை காத்திருக்காதீங்க.

கடைக்காரர் "முன்னாலதாங்க போடுவாங்க"ன்னு சொன்னா, கொஞ்சம் பொறுமையா, "பரவாயில்லண்ணே, பின்னாலயே போடுங்க"ன்னு சொல்லுங்க.