சாம்பல், மோர், தூக்குமரம்: லினன் வெளுத்த கதை

லினன் சட்டை இப்போது நம்மூர் ஜவுளிக்கடைகளிலேயே சாதாரணமாகக் கிடைக்கிறது. வாங்குகிறவர்களுக்கு இரண்டு கேள்வி கட்டாயம் வரும். வெந்நீரில் போடலாமா? எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் ஏன் இப்படிக் கசங்குகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. ஆளிச்செடியின் தண்டு நாரில் இருந்து வருவது லினன். (ஆளிவிதை தருகிற அதே செடிதான்.) அந்த நார் விறைப்பானது, மடிந்தால் தானாக நிமிராது. முதல் கேள்விக்குப் பதில் தேடப் போனால் முன்னூறு வருஷ வரலாறு கிளம்பி வருகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

பருத்தி ஐரோப்பாவில் மலிவாவதற்கு முன்னால், அங்கே உடம்பை ஒட்டிப் போடும் உடுப்பு எல்லாம் பெரும்பாலும் லினன்தான். உள்சட்டை, படுக்கை விரிப்பு, மேசைத்துணி, குழந்தைக்குச் சுற்றும் துணி, கடைசியில் பிணத்தைச் சுற்றும் துணி வரை. ஜார்ஜ் விகாரெல்லோ என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1985-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயத்தை விளக்குகிறார். 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வசதியானவர்கள் தண்ணீரில் குளிக்கப் பயந்தார்கள். அவர்களுக்குச் சுத்தம் என்றால் உள்சட்டையை மாற்றுவது. கழுத்திலும் மணிக்கட்டிலும் வெளியே தெரிகிற வெள்ளை விளிம்புதான் "நான் சுத்தமானவன்" என்பதற்குச் சாட்சி. ஆக, துணியின் வெள்ளை வெறும் அழகு இல்லை, அது மானப் பிரச்சினை.

அந்த வெள்ளையை வீட்டில் எப்படிக் காப்பாற்றினார்கள்? சோப்பு விலை அதிகம். இங்கிலாந்தில் அதற்கு வரி வேறு, 1853-இல்தான் எடுத்தார்கள். அதனால் அடுப்புச் சாம்பல். அடியில் துளை போட்ட பெரிய மரத்தொட்டியில் துணிகளை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத்துணி விரித்து, அதன்மேல் சலித்த சாம்பலைக் கொட்டுவார்கள். வெந்நீரை ஊற்ற, அது சாம்பல் வழியாக, துணி வழியாக இறங்கிக் கீழே வடியும். வடிந்ததைத் திரும்பச் சூடாக்கி மறுபடி மேலே. நாள் பூராவும் இதே வேலை. சாம்பலில் இருக்கிற பொட்டாசியம் கார்பனேட் காரம் எண்ணெய்ப் பிசுக்கை உடைத்துக் கரைத்துவிடும். அப்புறம் ஆற்றங்கரையில் மரத்துடுப்பால் அடித்து அலசல்.

வசதியான வீட்டில் டஜன் கணக்கில் துணி இருக்கும். வருஷத்துக்குச் சில தடவை மட்டும் மொத்தமாக வெளுத்தால் போதும். இரண்டே சட்டை வைத்திருப்பவர் அடிக்கடி துவைத்தாக வேண்டும். எத்தனை நாள் துவைக்காமல் தள்ளிப்போட முடிகிறது என்பதே அந்தஸ்து! பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் இந்தப் பெரிய வெளுப்பின் மூன்று கட்டங்களுக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: ஊறப்போடுவது உத்தரிக்கும் ஸ்தலம், காரநீர் ஊற்றுவது நரகம், அலசிக் காயப்போடுவது சொர்க்கம். பெயர் வைத்தது யாராக இருந்தாலும் வேலை செய்தது பெண்கள்தான்.

இந்த அடியையும் கொதியையும் துணி எப்படித் தாங்கியது? லினன் நனைந்தால் பலவீனமாகாது, பலம் கூடும். பழங்காலத்து வெளுப்பு முறை முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நின்றது.

இது வீட்டுக் கதை. தறியில் இருந்து வரும் புதுத்துணியின் கதை இன்னும் நீளம். கோராத் துணி பழுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பருத்தியைவிட லினன் நாரில் பெக்டின், லிக்னின், மெழுகு எல்லாம் அதிகம். அதை வெளுக்க மூன்று படிகள். முதலில் காரம். அடுத்து, ஈரத்துணியைப் புல்வெளியில் விரித்து வெயில். சூரிய ஒளியும் ஈரமும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து நிறத்தை அழிக்கும். கடைசியில் மோர். ஆமாம், நாம் குடிக்கிற மோர்தான்! அதிலுள்ள லாக்டிக் அமிலம் துணியில் தங்கிய காரத்தையும் சுண்ணாம்பு உப்புகளையும் எடுத்துவிடும். இந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆறு மாதம்கூட ஆகும். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரம் இதில் பேர் போனது. பிறநாட்டுத் துணிகள்கூட அங்கே வெளுக்கப் போயின. ரூயிஸ்டால் 1670-களில் வரைந்த ஹார்லெம் ஓவியங்களில், ஊருக்கு வெளியே வயல் முழுக்க வெள்ளைப் பட்டைகளாகத் துணி கிடப்பதைப் பார்க்கலாம்.

மாதக்கணக்கில் திறந்தவெளியில் துணி கிடந்தால் திருட்டு நடக்காதா? நடந்தது. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சட்டம் அதற்குக் கொடுத்த தண்டனை தூக்கு. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் வெளுப்புப் புல்வெளிகளின் ஓரத்தில் காவல்காரர் உட்காரச் சின்னக் கல் குடில்கள் கட்டியிருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம். ஒரு துண்டுத் துணிக்காக ஓர் உயிரை எடுக்க மனம் வராமல், பறிகொடுத்தவர் வழக்குப் போடத் தயங்கினார். ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லத் தயங்கினார்கள். திருடன் தப்பினான். கடைசியில் வெளுப்புத் தொழில் முதலாளிகளே, இந்தத் தூக்கை எடுத்துவிடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். சாமுவேல் ரோமிலி 1811-இல் அதைச் சட்டமாக்கினார். இரக்கம் கொஞ்சம், லாபக் கணக்கு கொஞ்சம். எப்படியோ சில கழுத்துகள் தப்பின.

இதற்குள் வேதியியல் உள்ளே வந்துவிட்டது. எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர் 1756-இல் வெளியிட்ட நூலில், மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று காட்டினார். வாரக்கணக்கில் நடந்த புளிப்பு வேலை மணிக்கணக்குக்கு இறங்கியது. ஷீல 1774-இல் குளோரினைத் தயாரித்தார். அது நிறத்தை அழிக்கும் என்பதை வைத்து பெர்த்தொலே 1785-இல் வெளுப்பு முறை கண்டார். அதைப் பாரிஸில் தெரிந்துகொண்டு வந்தவர்களில் ஒருவர் நீராவி இயந்திரம் ஜேம்ஸ் வாட். அவருடைய மாமனார் கிளாஸ்கோ பக்கத்தில் வெளுப்புத் தொழில் செய்தவர்! சார்லஸ் டெனன்ட் 1799-இல் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பவுடராக்கிக் காப்புரிமை வாங்கினார். நம் வாசலில் தெளிக்கிற பிளீச்சிங் பவுடர் பிறந்தது துணிக்காகத்தான். வேகத்துக்கு விலையும் உண்டு. அளவு மீறினால் குளோரின் நிறத்தோடு சேர்த்து நாரின் செல்லுலோஸையும் அறுத்துவிடும்.

நமக்கு இதெல்லாம் புதுசா? நம் ஊரில் லினன் இல்லை, பருத்தி. ஆனால் உவர்மண் கரைசலில் நனைத்து, பானைமேல் அடுக்கி, ராத்திரி பூரா ஆவி ஏற்றும் வெள்ளாவி அதே தர்க்கம்தான். அங்கே சாம்பலின் பொட்டாசியம் கார்பனேட், இங்கே உவர்மண்ணின் சோடியம் கார்பனேட். சென்னையின் வண்ணாரப்பேட்டைகூட, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்களால் வந்த பெயர். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வேலை பெண்கள் தலையில் விழுந்தது. இங்கே ஒரு சாதியின் தலையிலேயே கட்டினார்கள். ஊர் உடுத்திய வெள்ளைக்கு உழைத்தவர்களை ஊர் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வேதியியலை மட்டும் சிலாகித்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாதி வரலாறுதான் எழுதினதாக ஆகும்.

சரி, சட்டைக்கு வருவோம். வெந்நீரை லினன் நார் தாங்கும். சாயமும் தையலும் தாங்காமல் போகலாம், சுருங்கவும் செய்யும். அதனால் சாயத்துணிக்கு லேபிளில் போட்ட சூடு போதும். குளோரின் பிளீச் வேண்டாம். வெள்ளைத் துணியை ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், ஹார்லெம்காரர்கள் செய்ததும் அதுதான், சாயத்துணி நிழலில். முறுக்கிப் பிழியாதீர்கள். முழுக்கக் காயும் முன்னே, ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால்தான் மடிப்பு போகும். ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடித்து வைத்தால் அந்தக் கோட்டில் நார் முறியும், இடம் மாற்றி மடியுங்கள்.

நீலம் போடுகிற கதையை இதில் தொடவில்லை. அது தனிக் குறிப்பு. வெள்ளாவியை நேரில் பார்த்தவர்கள், வைத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊர் உவர்மண், எத்தனை மணி நேரம் ஆவி, கூலி என்ன கொடுத்தார்கள். ஹார்லெமுக்கு ரூயிஸ்டால் இருந்தார். நம் துறைகளுக்கு அவர்கள் நினைவுதான் இருக்கிறது.