அமாங் என்ற ஒற்றைச் சொல்

தஞ்சோங் துவாலாங்கில் ஈயக்கப்பலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம், ஈயமண்ணைப் பிரித்த பிறகு மிஞ்சும் கருமணலைப் பற்றிக் கேட்டேன். "அமாங்னு சொல்வாங்க. ஈயம் போனப்புறம் மிச்சம். அதுல என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?" என்றார்.

பார்த்தவர்கள் உண்டு. பேராக்கின் அமாங்கை ஆராய்ந்தால் உள்ளே இல்மனைட், மோனசைட், ஜிர்கான், ஜெனோடைம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தூரதேசத்துக் கதை ஒன்று உண்டு. இல்மனைட் என்பது ரஷ்யாவின் இல்மென் மலைகளின் பெயர். அதற்கு முன்பே, 1791இல், இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரேகர் என்ற பாதிரியார் இந்தக் கருமணலைக் கண்டு, பக்கத்து ஊரான மனக்கனின் பெயரை வைத்திருந்தார். கார்ன்வாலும் ஈயச் சீமைதான். ஆனால் அவர் வைத்த பெயர் நிலைக்கவில்லை.

ஜெனோடைம் கதை இன்னும் வேடிக்கை. ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இதில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டதாக அறிவித்து, இடிக்கடவுள் தோரின் பெயரைச் சூட்டினார். பிறகு பார்த்தால் அது ஏற்கெனவே தெரிந்த இட்ரியம். 1832இல் பிரெஞ்சுக்காரர் பூதான், 'வீண் பெருமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இந்தக் கனிமத்துக்குப் பெயரிட்டார். கெனோடைம் என்று இருக்க வேண்டியது எழுத்து மாறி ஜெனோடைம் ஆகி, பிழையே நிலைத்துவிட்டது. பெர்சீலியஸ் தன் இடிக்கடவுளை விடவில்லை. 1829இல் உண்மையான புதுத் தனிமம் கிடைத்தபோது அதற்கே தோரியம் என்று பெயர் வைத்தார்.

அதே பூதான்தான் ஈயத்தின் தாதுவுக்கு கேசிட்டரைட் என்று பெயரிட்டவர். ஈயத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் அது. ஈயம் வரும் தீவுகள் எங்கே இருக்கின்றன என்று தனக்குத் தெரியாது என ஹெரோடோட்டஸ் அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறார். ரோமாபுரியின் பிளினி இரண்டு உலோகங்களைக் கருப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்று பிரித்தார். நாமும் காரீயம், வெள்ளீயம் என்கிறோம். மலாயில் தீமா ஹீத்தாம், தீமா பூத்தே. மூன்று மொழிகளும் நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உலகின் மிகப்பெரிய ஈய உற்பத்தி மலாயாவுடையது. ஆனால் இட்டர்பி என்ற ஒரு ஸ்வீடன் கிராமத்தின் பெயரில் நான்கு தனிமங்கள் இருக்க, நம் நாட்டின் பெயரைத் தாங்கும் கனிமம் எது என்று தேடினால் மலாயாயைட் கிடைக்கிறது. பேராக்கின் செண்டரியாங் பக்கம், சுங்கை லாவில் கண்டது. கால்சியமும் ஈயமும் சிலிக்காவும் சேர்ந்தது. புற ஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். உள்ளே ஈயம் இருந்தாலும் லாபமாக எடுக்க முடியாதபடி சிலிக்காவோடு கட்டுண்டு கிடக்கிறது. அலெக்சாண்டரும் ஃப்ளிண்டரும் இந்தப் பெயருடன் கட்டுரை வெளியிட்டது 1965இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே நாடு மலேசியா ஆகிவிட்டது. நாட்டின் பெயர் மாறினாலும் கல்லின் பெயர் மாறவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1982இல் ஈப்போவுக்கு அருகே, புக்கிட் மேராவில், அமாங்கிலிருந்து வந்த மோனசைட்டில் அருமண் உலோகங்களைப் பிரிக்கும் ஆலை தொடங்கியது. மோனசைட் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'தனித்திருப்பது' என்று பொருள். ஆனால் அது தனியாக வருவதில்லை. தோரியம் கூடவே வரும், கதிரியக்கத்தோடு. கழிவைக் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தன. ஊர்க்காரர்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது.

பெரியவரிடம் திரும்பப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மண்ணைக் கொண்டுவந்துதான்பா எங்க வீட்டு வாசல்ல மேடு கட்டினோம். மிச்சம்னு சொன்னாங்க, நாங்களும் மிச்சம்னே நெனச்சோம்" என்றார்.