பொய் முத்திரையும் மெய்த் தூதும்

ஜப்பானின் தசாய்ஃபு நகரில், கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில், சில மர முத்திரைகள் இருக்கின்றன. கொரிய அரசரின் முத்திரையைப் பார்த்து அப்படியே செதுக்கிய போலியும் அவற்றில் உண்டு. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுக்கடலில் கிடக்கும் சுஷிமா தீவை ஆண்ட ஸோ குடும்பத்தாரின் பெட்டியிலிருந்து வந்தவை. அரச முத்திரையைப் போலியாகச் செய்வது தலை போகிற குற்றம். ஆனால் அதைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. 'அட, நம்ம தொழில்காரன்!' என்றுதான் தோன்றியது.

பதினாறு வருஷமாக நான் கொரிய மொழிபெயர்ப்பாளன். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில், மேசைக்கு அந்தப் பக்கம் கொரிய மேலாளர், இந்தப் பக்கம் நம்மூர் உதிரிபாகச் சப்ளையர், நடுவில் நான். ஒருவர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டுவதை டீ மாஸ்டர் போல ஆற்றி அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் வேலை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். சுஷிமாக்காரர்கள் அதை நாடுகளுக்கு இடையிலேயே செய்து பார்த்தவர்கள்.

புசானிலிருந்து அந்தத் தீவு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வானம் தெளிந்த நாளில் தீவின் வடமுனையில் நின்றால் கொரியா கண்ணுக்குத் தெரியும். மலையும் காடுமான ஊர். நெல் விளைய நிலம் சொற்பம். கொரியாவோடு வியாபாரம் நடந்தால்தான் அடுப்பெரியும். அப்படிப்பட்ட தீவின் தலைவரான ஸோ யோஷிதோஷிதான், 1592-ல் அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாவின் மீது படையெடுத்தபோது, முன்னணிப் படையோடு புசானில் இறங்க வேண்டியிருந்தது. 1598-ல் ஹிதெயோஷி செத்த பிறகே போர் ஓய்ந்தது. பல்லாயிரம் கொரியர் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். வெட்டியெடுத்து வந்த கொரிய மூக்குகளைப் புதைத்த மேடு இன்றும் கியோத்தோவில் இருக்கிறது. காதுமேடு என்று பெயர்.

சமாதானத்துக்குக் கொரிய அரசவை இரண்டு நிபந்தனை வைத்தது. ஜப்பானின் புதிய ஆட்சியாளர் தோக்குகாவா இயேயாசு முதலில் கடிதம் எழுத வேண்டும். போரில் அரச கல்லறைகளைத் தோண்டியவர்களை ஒப்படைக்க வேண்டும். முதலில் எழுதுவது பணிந்துபோவதற்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. சுஷிமாக்காரர்கள் 1606-ல் இயேயாசு பேரில் தாங்களே ஒரு கடிதம் தயாரித்தார்கள். தீவின் சிறையிலிருந்து இரண்டு கைதிகளைப் பிடித்து, இவர்கள்தான் கல்லறைத் திருடர்கள் என்று அனுப்பினார்கள். கொரிய அதிகாரிகளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் இருவரின் தலையையும் வாங்கினார்கள். 1607-ல் கொரியத் தூதுக்குழு கிளம்பியது. அது கொண்டுவந்ததோ 'உங்கள் கடிதத்துக்குப் பதில்'. எழுதாத கடிதத்துக்குப் பதில் வந்தால் குட்டு உடையுமே! அந்தப் பதிலையும் வழியில் திருத்தினார்கள். இத்தகைய திருத்தத்துக்குத்தான் போலி முத்திரை தேவைப்பட்டது.

ஒரு பொய்யைக் காக்க அடுத்த பொய் என்று இது முப்பது வருஷம் ஓடியது. ஸோ குடும்பத்தின் சொந்த அதிகாரியான யானகாவா ஷிகெயோகி எஜமானரோடு பகைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். 1635-ல் ஜப்பானின் ஆட்சியாளரான ஷோகுன் இயேமித்சு தீர்ப்புச் சொன்னார். கடிதம் திருத்திய வீட்டுத் தலைவர் ஸோ யோஷினாரி தப்பினார். காட்டிக்கொடுத்த ஷிகெயோகி வடகோடிக்கு நாடு கடத்தப்பட்டார். ஸோ குடும்பத்தை விட்டால் கொரியாவோடு பேச வேறு ஆள் ஷோகுனிடம் இல்லை. இனி கடிதங்களைக் கண்காணிக்கக் கியோத்தோ மடங்களிலிருந்து துறவிகள் தீவுக்கு வந்து தங்குவார்கள் என்று ஏற்பாடானது.

அமெனோமொரி ஹோஷு என்ற ஜப்பானிய அறிஞர் இந்தத் தீவின் பணியில் சேர்ந்தது, அந்தத் தீர்ப்புக்கு வெகுகாலம் கழித்து, 1689-ல். பிறந்தது 1668. ஷோகுனின் தலைநகரான எடோவில் பேர்பெற்ற ஆசிரியர் கினோஷிதா ஜுன்ஆனிடம் படித்தவர். உடன்படித்த அராய் ஹகுசெகி பின்னாளில் ஷோகுனுக்கே ஆலோசகர் ஆனார். ஹோஷுவுக்கு வாய்த்ததோ கடல் நடுவே ஒரு தீவு. முப்பத்தைந்து வயது வாக்கில் அவர் ஒரு காரியம் செய்தார்: புசானுக்குப் போய்க் கொரிய மொழி கற்றார். அன்றைய அறிஞர்கள் சீன எழுத்தில் எழுதிக் காட்டியே ஒருவரோடு ஒருவர் உரையாடுவார்கள். பேச்சுமொழி கற்பது அறிஞன் செய்கிற வேலையாக மதிக்கப்படவில்லை. புசானில் ஜப்பானியருக்கென்று மதில் சூழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. ஐந்நூறு பேர் வரை ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை. இன்று யோங்துசான் பூங்கா இருக்கும் மேட்டைச் சுற்றித்தான் அது இருந்தது. புசானுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தபோது அந்த மேட்டில் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயதில் 'அ, ஆ'விலிருந்து தொடங்குவது எத்தனை கூச்சம் என்று எனக்குத் தெரியும்.

1711-ல் கொரியத் தூதுக்குழு வந்தபோது, ஷோகுனை 'ஜப்பான் அரசர்' என்று கடிதத்தில் விளிக்க வேண்டுமென ஹகுசெகி பிடிவாதம் பிடித்தார். ஹோஷு பழைய நண்பரையே எதிர்த்து எழுதினார். 1719-ல் அடுத்த குழு வந்தது; 475 பேர். அதில் எழுத்தராக வந்த ஷின் யூ-ஹானும் ஹோஷுவும் எடோ வரை போய்த் திரும்பும் நெடும்பயணம் முழுக்கப் பேசினார்கள், கவிதை பரிமாறினார்கள், சண்டையும் போட்டார்கள். எங்களை ஏன் இன்னும் இழிபெயரிட்டு அழைக்கிறீர்கள் என்று ஹோஷு கேட்டார். ஹிதெயோஷி செய்ததற்குப் பிறகு வேறெப்படி அழைப்பது என்றார் ஷின்.

திரும்பும் வழியில் கியோத்தோவில் பெரிய புத்தர் கோயிலில் விருந்து. அது ஹிதெயோஷி கட்டிய கோயில். காதுமேடு அதன் வாசலருகே. பகைவனின் கோயிலில் கை நனைக்க மாட்டோம் என்றார்கள் தூதர்கள். ஜப்பானியத் தரப்பு ஓர் அச்சுப் புத்தகத்தைக் காட்டி, இப்போதைய கோயில் தோக்குகாவா காலத்தில் கட்டியது என்று சாதித்தது. ஹோஷுவும் அன்று தன் தரப்புக்காகக் கத்தித் தீர்த்தார். மூன்று தூதர்களில் இருவர் இறங்கி வந்தார்கள். ஒருவர் கடைசிவரை வரவில்லை. சுஷிமாவில் பிரியும்போது ஹோஷு கண்ணீர் விட்டதை ஷின் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கூடவே, இவர் உள்ளே கத்தி வைத்திருப்பவர், ஆட்சி கையில் கிடைத்தால் அண்டை நாட்டுக்கு ஆபத்து என்றும் எழுதினார்.

1728-ல், அறுபது வயதில், ஹோஷு தன் தலைவருக்கு 54 பகுதிகளில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தார். அந்த விருந்து அசட்டுத்தனம் என்று அதில் ஒப்புக்கொண்டார். காதுமேட்டைக் காட்டுவது பெருமையாகாது. காரணமில்லாத போரில் இரு நாட்டிலும் எண்ணற்றவர் செத்ததைத்தான் அது காட்டும் என்றார். நட்பு என்பது ஏமாற்றாமல், சண்டையிடாமல், மெய்யோடு பழகுவது என்று முடித்தார்.

அதிலுள்ள ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. உங்கள் அரசர் தோட்டத்தில் என்ன பயிரிடுவார் என்று ஜப்பானியர் ஒருவர் கேட்க, கொரிய மொழிபெயர்ப்பாளர் 'பார்லி' என்றார். இவர்கள் சிரித்தார்கள்: பூச்செடிகூட இல்லாத நாடா! அரசர் வீட்டிலும் பூ இருக்கும். ஆனால் உழவை மறக்காத அரசர் என்று மெச்சுவார்கள் என நம்பியே அவர் பார்லியைச் சொன்னார் என்று விளக்குகிறார் ஹோஷு. சொல் சரியாகத்தான் பெயர்ந்தது. பெருமை வழியிலேயே தங்கிவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தில் கொரிய மேலாளர், இன்னொரு முறை இந்தக் குறை வந்தால் ஆர்டரை நிறுத்துவேன் என்று கடுமையாகச் சொன்னார். எதிரில் இருந்தவர் அப்பா வயதுக்காரர். பட்டறையிலிருந்து வளர்ந்து வந்தவர். "கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்றார் சார்" என்று ஆற்றிக் கொடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஆர்டர் நின்றது. வாசலில் என்னைப் பார்த்துத் திட்டவில்லை. "தம்பி, அன்னிக்கே உள்ளதச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். என் பெட்டியிலும் ஒரு மர முத்திரை இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

1607 முதல் 1811 வரை பன்னிரண்டு தூதுக்குழுக்கள் வந்தன. அந்த இருநூறு ஆண்டும் இரு நாட்டுக்கும் இடையே போர் இல்லை. அதைத் தொடங்கிவைத்தது பொய் முத்திரைதான், மறுக்க மாட்டேன். ஆனால் தீவையே கவிழ்க்கப் பார்த்ததும் அதுதான். இப்போதெல்லாம் கடுமையான பேச்சு வந்தால் அப்படியே சொல்லிவிட்டு, அவர் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கூட்டம் முடிய அரை மணி கூடுதலாகிறது. டீ ஆறிவிடுகிறது என்று இரு தரப்பும் என்னைக் குறை சொல்கிறார்கள்.