கருங்கல் திருப்பணியும் சட்டசபைப் பணியும்: சேர் பொன்னம்பலம் இராமநாதன்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது அதை இறைபணியாகவே ஏற்றுக்கொண்டேன். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் சிங்களத் தலைவர்களுக்காக அவர் இலண்டன் வரை சென்று வாதாடியதும், அவரமர்ந்த வண்டியை அவர்கள் தம் கைகளாலே இழுத்து வந்ததும் இங்கே சிறுவரும் அறிந்த செய்திகள். அவர் நிறுவிய மருதனார்மடத்து மகளிர் கல்லூரியைப் பற்றியும், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இருப்பிடமான பரமேசுவராக் கல்லூரியைப் பற்றியும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அரசியலுக்கும் சிவத்தொண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. அதனை மட்டும் எழுதுகிறேன்.

ஓர் ஒப்புமையோடு தொடங்குகிறேன். முன்னாளில் இங்கிலாந்தில் நிலவுடைமைக் குடும்பத்துப் பெருமகன் ஒருவன் பாராளுமன்றத்தில் அமர்வதும், தன் ஊர்த் தேவாலயத்தைப் புரந்து அதற்குக் குருவானவரைப் பரிந்துரைப்பதும் வழிவழி வந்த வழக்கங்களாக இருந்தன. 1911 வரை அங்கே பொதுச்சபை உறுப்பினருக்கு அரசு சம்பளம் கொடுத்ததில்லை. செல்வர்களே பெரும்பாலும் அப்பணிக்கு வந்தார்கள். இராமநாதன் பிறந்த குடியும் அத்தகையதே. தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார் 1835இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்ற முதல் தமிழர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி இலண்டனில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தந்தையார் பொன்னம்பல முதலியார் கொட்டாஞ்சேனைக் கொச்சிக்கடையில் 1857ஆம் ஆண்டளவில் சிவாலயம் எழுப்பியவர். ஆனால் ஆங்கிலப் பெருமகன் பெரும்பாலும் தேவாலயத்தைத் தன் குடிப்பெருமையின் அடையாளமாகக் கண்டான். இராமநாதனோ தம் செல்வத்தையே இறைவன் ஒப்படைத்த பொருளாகக் கண்டார்.

1879இல் முத்துக்குமாரசுவாமி சிவபதமடைந்தார். அவருக்குப்பின் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக யார் அமர்வது என்ற கேள்வி எழுந்தது. பிறிற்றோ அவர்களும் இராமநாதனும் முன்னின்றபோது, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் இராமநாதன் பக்கம் நின்றார். அப்போது இராமநாதனுக்கு வயது 28. அதே ஆண்டின் இறுதியில் நாவலர் இறைவனடி சேர்ந்தார். சைவத்தைக் காத்த பெருமான் தம் இறுதி நாட்களில் அளித்த ஆதரவை நான் குருவருளாகவே கொள்கிறேன்.

சொலிசிற்றர் ஜெனரலாக அவர் பணியாற்றிய காலமும், தொகுத்த வழக்கறிக்கைகளும் சட்ட அறிஞர் எழுத வேண்டியவை. எனக்கு உரிய இடம் கோயில். 1906இல் அரச பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே தந்தையாரின் ஆலயத்தைக் கருங்கல்லில் எழுப்பத் தொடங்கினார். பணி 1912 வரை நீண்டது. இடையே 1911 இறுதியில் படித்த இலங்கையருக்கான ஒரே ஆசனத்துக்குத் தேர்தல் வந்தது. மூவாயிரத்துக்கும் குறைவான வாக்காளரைக் கொண்ட அத்தொகுதியில் மாக்கஸ் பெர்னாண்டோவை வென்று அவர் மீண்டும் சபைக்குச் சென்றார். ஒருபுறம் உளியோசை, மறுபுறம் சபை விவாதம். அதே ஆண்டுகளில் அவருடைய மைத்துனர் ஆனந்த குமாரசுவாமி, கைவினைஞர் மரபு அழிகிறதே என்று கவன்று 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஒருவர் எழுதி வருந்தினார். மற்றவர் தச்சருக்கும் சிற்பிகளுக்கும் வேலை கொடுத்தார். இரண்டும் வேண்டியவையே.

சேக்கிழார் பெருமான் சொல்லும் பூசலார் வரலாற்றை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவனோ அரசன் கனவில் தோன்றி, திருநின்றவூர் அன்பன் மனத்தில் கட்டிய கோயிலுக்கு அன்று எழுந்தருள்வதாகவும், அரசன் வேறு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அருளினான். கல்லைவிட நெஞ்சம் பெரிது என்று இதற்குப் பலரும் பொருள் சொல்வர். நான் சற்று விலகி நிற்கிறேன். அரசன் உடனே பூசலாரைத் தேடிப்போய் அடிபணிந்தானே! செல்வத்தால் கோயில் கட்டியவன் அன்பினால் கட்டியவனைக் கண்டு வணங்கினால் அவனுடைய கல்லும் தூய்மை பெறுகிறது. இராமநாதனும் தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளின் அடிபணிந்து நின்றவர். அதனால் கொச்சிக்கடைக் கற்றூண்களில் பூசலாரின் மனக்கோயிலும் கலந்திருக்கிறது.

அந்தக் குருவருளின் பயனாகவே மத்தேயு, யோவான் ஆகிய இரு சுவிசேஷங்களுக்கும் சைவ அனுபவ நோக்கில் ஆங்கிலத்தில் விளக்கவுரைகள் எழுந்தன. முன்னையது 1898இலும் பின்னையது 1902இலும் பரானந்தர் என்ற பெயரோடு இலண்டனில் வெளிவந்தன. ஆள்வோரின் மறைநூலுக்கு ஆளப்படும் நாட்டுச் சைவர் ஒருவர் உரைகாண்பது அந்நாளில் சிறிய துணிவன்று. புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரியோடு போகும் சைவப் பெண்கள் அப்படியே நம் சந்நிதிக்கும் வந்து அருச்சனைத் தட்டு வாங்குவதைக் கொச்சிக்கடையில் இன்றும் காணலாம். நூலில் அவர் விளக்கியதை அவர்கள் வழிபாட்டில் வாழ்கிறார்கள்.

இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தார். முதுமையிலும் அதற்காக 1930இல் இலண்டன் சென்றார். சிறுபான்மையினரின் நிலை குறித்து அவர் கொண்ட அச்சம் வீணன்று. ஆனால் ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்கு வேண்டாம் என்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அடியார்க்கு அடியாராய் நிற்கும் நம் சமயநெறியில் குலமும் செல்வமும் தகுதியாகா. அவ்வாண்டு நவம்பரில் அவர் சிவபதமடைந்தார்.

வெள்ளவத்தையில் அறநெறிப் பாடசாலை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைக் கொச்சிக்கடைக்கு அழைத்துச் செல்லும்போது தரிசனம் முடிந்தவுடன் பேருந்தில் ஏற்றிவிடாதீர்கள். தூண் தூணாக நிறுத்திக் காட்டுங்கள். திருப்பணி செய்தவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் எழுதிய கீதையுரையும் செந்தமிழ் இலக்கணமும் நம் சங்க நூலகங்களில் மாணவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். பழைய பதிப்பு வைத்திருப்போர் அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாமல் ஆலய நூலகத்துக்கு உதவ முன்வாருங்கள்.